பன்னிரண்டு கட்டம்

காலை பத்தேகாலுக்கு ஒருவன்.
சோறு வடிக்கும் நேரத்தில் ஒருத்தி.
கடன், காப்புறுதி,
மாதம் அறுபது வெள்ளிக்குத் தண்ணீர் வடிகட்டி.
எல்லாருக்கும் ஒரே தொடக்கம்:
"புவான் பவாலாகோடி?"

பவளக்கொடி என்று திருத்துவதை
இரண்டாம் வருடமே விட்டுவிட்டேன்.

எடுக்காதேம்மா என்கிறாள் யஷ்வினி.
எடுக்காமல் எப்படி?
பதிவு இலாகா கூப்பிட்டால்
அதுவும் தெரியாத எண்ணில்தானே வரும்.

மனு கொடுத்துப் பதினேழு வருடம்.
நான் பிறந்ததைப் பார்த்த சாட்சி
இரண்டு பேர் வேண்டும் என்றார்கள்.
மருத்துவச்சி செத்துப்போனாள்.
தோட்டத்தைத் துண்டாடி விற்றபோது
கிராணி எந்தப் பக்கம் போனாரோ.
"நாங்களே அழைப்போம்" என்றார் கண்ணாடிக்காரர்.
அடுத்த முறை போனேன்,
அந்தக் கௌண்டரே அங்கே இல்லை.

இந்த ஊருக்கும் பெயர் மாற்றினார்கள்.
பத்தாங் பெர்ஜுந்தை போய் பெஸ்தாரி ஜெயா.
ஊர் எந்தச் சாட்சியைக் கூட்டிப்போனது என்று
எனக்குத் தெரியாது.

அதனால் செம்பனைக்குள் போகும்போதும்
நெகிழிப் பையில் சுற்றி
இடுப்பில் செருகியிருப்பேன் கைப்பேசியை.
உதிரிப்பழம் பொறுக்கக் குனியும்போதெல்லாம்
அது வயிற்றில் அதிரும்.
முள் கீறின கையைத் துடைத்துக்கொண்டு ஓடி எடுத்தால்
தங்கச் சேமிப்புத் திட்டம்.

என் பெயர் அவர்களுக்கு எப்படிப் போனது?
நான்தான் கொடுத்தேன்.
டவுனில் பேரங்காடி திறந்த அன்று
அதிர்ஷ்டக் குலுக்கல். முதல் பரிசு மோட்டார்.
பெயர், தொலைபேசி, முகவரி, பிறந்த தேதி.
அவ்வளவுதான்.
அதற்குமேல் எதையும் கேட்காத தாளை
அன்றுதான் பார்த்தேன்.
வெள்ளம் வந்த வருடம் என்று அம்மா சொல்வாள்,
பால்வெட்டு நின்றிருந்த மாதம் என்பாள்.
பொங்கலாகவே இருந்துவிட்டுப் போகட்டும் என்று
ஜனவரி பதினான்கு போட்டேன்,
எழுபத்தொன்று.
அடித்து எழுதாமல், மெதுவாக, பெரிய எழுத்தில்.

இப்போது நாட்டுக்கே ஒரு பதிவேடாம்.
வேண்டாதவர்கள் எண்ணைச் சேர்த்துவிட்டால்
விற்பவன் எவனும் கூப்பிடக்கூடாதாம்.
ஆ செங் கடை வாசலில், ரோட்டி ஆறிக்கொண்டிருக்க,
யஷ்வினி கட்டைவிரலால் நிரப்பினாள்.
பெயர். சரி.
எண். சரி.
அடுத்து ஐசி. வரிசையாகப் பன்னிரண்டு கட்டம்.

விரல் நின்றுவிட்டது.
"சும்மா விட்டுட்டு அமுக்கேன்."
"சிவப்பு நட்சத்திரம் போட்டிருக்கும்மா. போகாது."
"உன்னோடதப் போடு."
"பேரும் எண்ணும் ஒத்துப்போகணுமாம்."
கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தாள்.
ரோட்டியைப் பிய்த்து என் தட்டிலும் வைத்தாள்.
அவளுக்கு அப்பா வழியில் நீல அட்டை இருக்கிறது.
அதை அவள் என்முன் எடுப்பதில்லை.

வியாழக்கிழமை, இருபதாம் நிரையில், அது மறுபடி அதிர்ந்தது.
"பவளக்கொடிங்களா?"
கிள்ளான் பக்கத்துப் பெண் குரல்.
கொடியில் அழுத்தம் சரியாக விழுந்தது.
சாக்கின்மேல் உட்கார்ந்துவிட்டேன்.

"உன்கிட்ட என்னைப் பத்தி என்னம்மா இருக்கு? வாசி."
"பேரு, வீட்டு நம்பர்... பிறந்தது ஜனவரி பதினாலு."
"வருஷம்?"
"எழுபத்தொண்ணு."
"அப்புறம்?"
"நாடு மலேசியான்னு இருக்கு ஆண்ட்டி."

அதை நான் எழுதவில்லை.
எவனோ, எந்த அறையிலோ,
இதில் கேட்க என்ன இருக்கிறது என்று
தானாகவே போட்டிருக்கிறான்.

"அதை ஒரு தாள்ல அடிச்சு,
முத்திரை வெச்சுத் தருவியா?
கடன் வாங்கிக்கிறேன். எவ்வளவு வேணும்னாலும்."

அந்தப் பக்கம்
வேறு பெண்கள் வேறு பெயர்களைக்
கூப்பிட்டுக்கொண்டிருந்தது கேட்டது.
பிறகு அவளே வைத்துவிட்டாள்.
ஆறு வருடத்தில் அவர்கள் முதலில் வைத்தது
அன்றுதான்.

திருப்பி அழைத்தால் அந்த எண் போவதில்லை.
இருந்தாலும் சேமித்து வைத்திருக்கிறேன்.
அவள் பெயர் கேட்க மறந்ததால்
'சாட்சி 1' என்று.